பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தமிழகத்தில் பிறந்து, வேலூரில் பணியாற்றிய ஆங்கிலேய எலும்பியல் அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவை முறையை வகுத்தவர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். நீரிழிவு நோயாளரின் கால்களை இழப்பிலிருந்து காக்கும் இன்றைய பராமரிப்பு முறையிலும் இவரது பங்கு பெரிது. நம் ஊரில் இது அதிகம் பேசப்படுவதில்லை.

இளமை

கொல்லிமலையில் (இன்றைய நாமக்கல் மாவட்டம்) சமயப் பணியாளர்களான ஜெஸ்ஸி, எவலின் இணையருக்குப் பிறந்தார். ஒன்பது வயதில் படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929ல் தந்தை மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். பள்ளிக்குப் பின் சில ஆண்டுகள் தச்சு, கட்டிட வேலைகளைக் கற்றார். பின்னரே இலண்டனில் மருத்துவம் பயின்றார். 1943ல் மார்கரெட் பெர்ரியை மணந்தார். மார்கரெட் பிற்காலத்தில் தொழுநோயாளரின் கண் மருத்துவத்தில் பெயர் பெற்றார்.

செங்கல்பட்டும் வேலூரும்

1946ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டு, தாம்பரத்திற்குத் தெற்கே செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை ராபர்ட் காக்ரேன் இவருக்குச் சுற்றிக் காட்டினார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையை பிராண்ட் பற்றியபோது, அப்பிடி வலிக்கும் அளவிற்கு வலுவாக இருந்தது. சில தசைகள் செயலிழந்தாலும் மற்றவை நல்ல நிலையிலேயே உள்ளன என்பதை இதிலிருந்து உணர்ந்தார். நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை இயங்கச் செய்யும் அறுவை முறை இவ்வாறு தொடங்கியது.

அறுவைக்குப் பிறகும் புண்கள் தொடர்ந்து வந்தன. நோய் சதையை அழுகச் செய்கிறது என்றே அன்று பலரும் நம்பினர். பிராண்டும் அவரது குழுவினரும் ஒவ்வொரு புண்ணின் காரணத்தையும் தேடிக் குறித்தனர். சூடான பாத்திரம், காலணிக்குள் கிடந்த ஆணி, இரவில் உணர்வற்ற விரலைக் கடித்த எலி எனக் காரணங்கள் கிடைத்தன. வலி தெரியாததால் காயம் கவனிக்கப்படாமல் பெரிதாயிற்று என்பது தெளிவானது. நுண்துளை இரப்பர் செருப்புகளும், கை கால்களை நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் இதன் விளைவுகள்.

நீரிழிவு பாதங்கள்

1966ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று 1986 வரை பணியாற்றினார். நீண்டகால நீரிழிவாலும் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. வேலூரில் கண்ட அதே புண்களை அங்கு நீரிழிவு நோயாளரிடமும் கண்டார். அதற்கு அதே தீர்வைப் பரிந்துரைத்தார். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் சிறு அழுத்தமே திசுவைச் சிதைக்கிறது எனவும் இவரது குழு காட்டியது.

வலிக்கு மாற்றாக, அழுத்தம் மிகும்போது எச்சரிக்கும் மின்கருவி ஒன்றையும் உருவாக்க முயன்றனர். பல ஆண்டு உழைப்பு தோற்றது. வேலைக்கு இடையூறாக இருந்தபோது நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டனர். உடலின் வலியை அவ்வாறு அணைக்க இயலாது அல்லவா! இறுதியில் கல்வியே எஞ்சிய வழியாயிற்று.

அந்தக் கல்வியை அளிப்பவர்கள் பெரும்பாலும் செவிலியரே. ஒவ்வொரு வருகையிலும் காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பது, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் தொட்டு உணர்வைச் சோதிப்பது, வெறுங்காலுடன் நடக்காமலும் வெந்நீரைக் காலால் சோதிக்காமலும் இருக்கக் கற்பிப்பது ஆகியவை அவர்களது பணியாக வளர்ந்தன. இந்த இழைச் சோதனையைப் பாதங்களுக்குப் பரவலாக்கியதில் கார்வில் ஆய்வாளர்களுக்கு முக்கிய இடம் உண்டு. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ல் வெளியான தேசிய ஆய்வு கணித்தது. அவ்வளவு பேரின் பாதங்களையும் மருத்துவர்களே பார்ப்பது நடவாத காரியம்.

பிற்காலம்

1960ல் லாஸ்கர் விருதும் 1961ல் பிரித்தானிய அரசின் சி. பி. இ. விருதும் பெற்றார். பிலிப் யான்சியுடன் இணைந்து வலியைப் பற்றி எழுதிய நூல் 1993ல் வெளியானது. ஓய்வுக்குப் பின் சியாட்டிலில் வாழ்ந்து அங்கேயே காலமானார்.