ஆறாத காயங்களை எழுதியவர்: எரிக் மரியா ரெமார்க்

போர் எந்த ஆண்டு மூண்டது, எந்த ஆண்டு முடிந்தது, எந்த ஊரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று என்று வரலாற்றுப் பாடத்தில் படித்து மனப்பாடம் செய்கிறோம். ஆனால் போருக்குப் போன ஓர் இளைஞன் வீடு திரும்பிய பிறகு இரவில் நிம்மதியாகத் தூங்கினானா என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அதைச் சொல்ல ஒரு நாவலாசிரியர் தேவைப்பட்டார். அவரே ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க்.

இளமைப் பருவம்

ரெமார்க் 1898-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஜெர்மனியின் ஒஸ்னாபுரூக் நகரில் ஓர் எளிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழிலாளி. தாயின் பெயர் அன்னா மரியா. பெற்றோர் மகனுக்கு இட்ட பெயர் எரிக் பவுல். இசையிலும் எழுத்திலும் ஆசை கொண்ட அச்சிறுவன், ஆசிரியராக வேண்டும் என்று கத்தோலிக்க ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். படிப்பு முடியுமுன்பே, 1916 நவம்பரில், பதினெட்டு வயதில் இராணுவத்திற்கு அழைக்கப்பட்டான். முதல் உலகப் போர் அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்தது.

போர்முனையில்

1917 ஜூனில் அவர் மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் பதுங்குகுழி வெட்டுவதும் முள்கம்பி வேலி கட்டுவதும் அவருடைய பணிகள். ஜூலை 31-ஆம் நாள் வெடிகுண்டுச் சிதறல்கள் அவருடைய காலிலும் கையிலும் கழுத்திலும் பாய்ந்தன. போர்முனையில் அவர் இருந்தது சில வாரங்களே. பிறகு நெடுங்காலம் டூயிஸ்பர்க் நகர மருத்துவமனையில் கிடந்தார். அங்கே தம்மைச் சுற்றிக் கிடந்த வீரர்களின் கதைகளைக் கேட்டார். அவர் சிகிச்சை பெற்று வந்த காலத்திலேயே, அதே ஆண்டு செப்டம்பரில், அன்புத் தாய் புற்றுநோயால் இறந்தார். பிற்காலத்தில் அவர் தம் பெயரில் பவுல் என்பதை நீக்கிவிட்டு, தாயின் நினைவாக மரியா என்று சேர்த்துக்கொண்டார்.

போர் முடிந்ததும் 1919, 1920 ஆண்டுகளில் சில சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். மனம் ஒட்டவில்லை. வேலையை விட்டார். கல்லறைக் கற்கள் விற்றார். மனநோயாளர் இல்லத்தின் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசித்தார். பின்பு பெர்லின் சென்று ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் சேர்ந்தார். வெளியே பார்ப்பவர்களுக்கு அவர் நன்றாக இருப்பதாகவே தோன்றியது. உள்ளே ஒரு சோர்வு அவரை விடவில்லை. அதன் வேரைத் தேடியபோது, அது பத்து ஆண்டுகளுக்கு முந்திய போருக்கே கொண்டுபோய் விட்டது. 1927-இல் சில வார இரவுகளில் அமர்ந்து ஒரு நாவலை எழுதி முடித்தார்.

உலகை உலுக்கிய நாவல்

1929 தொடக்கத்தில் நூலாக வெளிவந்த அந்நாவலை ஆங்கிலத்தில் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' என்பார்கள். மேற்குப் போர்முனையில் புதிய செய்தி ஒன்றுமில்லை என்பது மூலத் தலைப்பின் பொருள். பால் பாய்மர் என்ற மாணவனே கதாநாயகன். கண்டோரக் என்ற ஆசிரியர் வகுப்பறையில் தேசபக்திச் சொற்பொழிவுகள் ஆற்றி, வகுப்பு மாணவர் அனைவரையும் படையில் சேர வைக்கிறார். ஒவ்வொருவராக அவர்கள் மடிகிறார்கள்.

இந்நாவலில் குண்டுச் சத்தத்தை விட நெஞ்சை அறுப்பவை அமைதியான பக்கங்களே. பால் விடுப்பில் வீட்டுக்கு வருகிறான். நோயுற்ற தாய், அங்கே மிகவும் கஷ்டமா என்று கேட்கிறாள். அவன் இல்லை என்று பொய் சொல்கிறான். தந்தைக்கோ வீரக்கதைகள் கேட்க ஆசை. மகனால் வாய் திறக்க முடியவில்லை. சொன்னால் அந்த நினைவுகள் தன்னை விழுங்கிவிடும் என்று அஞ்சுகிறான். தான் நேசித்த புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுக்கிறான். அவையும் அவனோடு பேசவில்லை. இறந்த நண்பனின் தாயைப் பார்க்கச் சென்று, அவன் வேதனையின்றி உடனே இறந்தான் என்று சத்தியம் செய்கிறான். அதுவும் பொய்யே. அந்தப் பொய்யும் அவன் சுமையோடு சேர்கிறது.

மற்றொரு காட்சி. குண்டு விழுந்த பள்ளம் ஒன்றில் பால் பதுங்கியிருக்கும்போது, பிரெஞ்சு வீரன் ஒருவன் அதற்குள் விழுகிறான். அச்சத்தில் பால் அவனைக் குத்திவிடுகிறான். வெளியேற வழியில்லாமல், அவன் மெல்ல மெல்ல இறப்பதை மணிக்கணக்கில் அருகிலிருந்து பார்க்கிறான், தண்ணீர் தருகிறான், காயத்தைக் கட்டுகிறான், இறந்தபின் மன்னிப்புக் கேட்டு மன்றாடுகிறான். அவன் சட்டைப் பையில் மனைவி, மகளின் படங்கள் இருக்கின்றன. அவன் ஓர் அச்சுத் தொழிலாளி என்றும் தெரியவருகிறது. அதுவரை எதிரியாக இருந்தவன் அந்த நொடியில் ஒரு குடும்பத்தலைவனாக ஆகிவிடுகிறான். அக்குடும்பத்திற்கு உதவுவதாகப் பால் சூளுரைக்கிறான். ஆனால் தோழர்களிடம் திரும்பியதும் போர் என்றால் போர்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறான். மனம் மரத்துப்போவதும் போர் தரும் காயமே என்று ஆசிரியர் உணர்த்துகிறார்.

பதினெட்டு மாதங்களுக்குள் 22 மொழிகளில் சுமார் 25 இலட்சம் படிகள் விற்றன. முன்னாள் வீரர்கள் பலர் தங்கள் வாயில் வராததை அதில் கண்டார்கள்.

திரும்பி வந்தவர்களின் கதை

1931-இல் 'திரும்பும் பாதை' என்று பொருள்படும் அடுத்த நாவல் வந்தது. போர் முடிந்து உயிரோடு வீடு சேர்ந்தவர்களின் கதை அது. ஒருவன் மனச்சோர்வு தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்கிறான். மற்றொருவன் தோழர்களின் கல்லறைகள் நிறைந்த போர்க்களத்திற்கே திரும்பிச் சென்று மடிகிறான். எர்னஸ்ட் என்பவன் பள்ளி ஆசிரியனாகிறான். தன் முன் அமர்ந்திருக்கும் பிஞ்சு முகங்களைப் பார்த்து, கொல்வதை மட்டுமே கற்று வந்த நான் இவர்களுக்கு எதைக் கற்பிப்பேன் என்று கலங்குகிறான். வகுப்பறையை விட்டு வெளியேறிய ரெமார்க்கின் நிழல் அவனிடம் தெரிகிறது. ஆயினும் எர்னஸ்ட் இறுதியில் வாழத் துணிகிறான்.

பகையும் பலியும்

போரைப் புகழ்ந்து வளர்ந்த நாஜிகளுக்கு இந்நூல்கள் கண்ணில் விழுந்த மணலாயின. 1930 டிசம்பரில் நாவலின் திரைப்படம் பெர்லினில் ஓடியபோது, அரங்கினுள் வெள்ளெலிகளையும் நாற்றக் குண்டுகளையும் விட்டுக் கலவரம் செய்தார்கள். அரசும் படத்தைத் தடை செய்தது. 1933 மே மாதம் அவருடைய நூல்கள் தீயிலிடப்பட்டன. அவர் அதற்கு முன்பே சுவிட்சர்லாந்து சென்றுவிட்டார். 1938-இல் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 1939-இல் அமெரிக்கா சேர்ந்தார்.

தங்கை எல்ஃப்ரீட ஜெர்மனியிலேயே இருந்தாள். தையல் தொழில் செய்து பிழைத்தவள். இந்தப் போரில் ஜெர்மனிக்கு வெற்றியில்லை என்று பேசியதற்காகக் காட்டிக்கொடுக்கப்பட்டாள். அண்ணன் தப்பிவிட்டான், நீ தப்ப முடியாது என்னும் பொருள்பட நீதிபதி பேசியதாகச் சொல்வார்கள். 1943 டிசம்பர் 16-ஆம் நாள் அவள் சிரச்சேதம் செய்யப்பட்டாள். போர் முடிந்த பிறகே அண்ணனுக்கு இச்செய்தி எட்டியது. 1952-இல் வதைமுகாம் பற்றித் தாம் எழுதிய நாவலை அவளுக்கே காணிக்கையாக்கினார்.

1954-இல், விவிலியத்தின் சபை உரையாளர் நூலை நினைவூட்டும் தலைப்பில், 'வாழ ஒரு காலம், சாக ஒரு காலம்' என்ற நாவலை எழுதினார். விடுப்பில் வரும் வீரன் ஒருவன், தான் செய்தவற்றில் தனக்குள்ள பாவப்பங்கு எவ்வளவு என்று தன் பழைய ஆசிரியரிடம் கேட்கிறான். 1958-இல் அது படமானபோது, அந்த ஆசிரியர் வேடத்தில் நடித்தவர் ரெமார்க்கே. 1970 செப்டம்பர் 25-இல் சுவிட்சர்லாந்தில் காலமானார். பறித்த குடியுரிமையைத் தாய்நாடு கடைசிவரை திருப்பித் தரவில்லை.

நாம் கற்பது

போர்வீரரின் இந்த மன வேதனையை அமெரிக்க மருத்துவர்கள் 1980-இல்தான் தனியொரு நோயாகப் பெயரிட்டுத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். ரெமார்க் அதை அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டார்.

மாணவிகளே, பாலின் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. அவன் மௌனத்தைப் புரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை. நம் வீடுகளிலும் துன்பம் கண்டு வந்தவர்கள் இருக்கலாம். எல்லைப் பணியிலிருந்து வந்த தந்தையாகவோ, விபத்தில் தப்பிய அண்ணனாகவோ இருக்கலாம். கதை கேட்கும் ஆவலில் அவர்களைத் துருவ வேண்டாம்; எல்லாம் சரியாகிவிட்டது என்று அவசரப்பட்டு முடித்துவிடவும் வேண்டாம். அருகில் அமர்ந்து, அவர்கள் பேசும் நாள்வரை பொறுத்திருப்போம். நாளை உங்களில் பலர் ஆசிரியைகள் ஆவீர்கள். அப்போது கண்டோரக்கையும் நினைவில் வையுங்கள். வகுப்பறையில் நாம் எளிதாகச் சொல்லும் ஒரு சொல்லைச் சுமப்பது பிள்ளைகள் அல்லவா?