கொத்தனாரிடம் பாடம் கற்ற வெள்ளைக்காரர்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது கட்டுமாவடி. மீனவர்கள் வாழும் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த ஊரின் வழியாகத்தான் போகிறது. அந்தச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் சென்னைக்கு வந்துவிடலாம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கிறது. கல்லூரியில் உள் அலங்காரக் கலை படிக்க வேண்டும் என்கிறது. "இன்டீரியர் டிசைன்" என்று இந்தக் காலத்தில் சொல்லுகிறார்களே, அந்தப் படிப்புத்தான். பெற்றோர் என்ன நினைப்பார்கள்? சுவருக்கு வர்ணம் பூசவும், ஜன்னலுக்குத் திரை போடவும் ஒரு பட்டம் வேண்டுமா என்று நினைப்பார்கள். பணம் கட்டப் போகிறவர்கள் அவர்கள். ஆகவே அது நியாயமான சந்தேகம்தான்.

இந்தச் சந்தேகத்துக்கு நல்ல பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் கிடைக்கிறது. அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனால் அவர் கட்டிய கட்டடங்களைப் பார்க்காமல் மெரினா கடற்கரைச் சாலையில் யாரும் நடக்க முடியாது. அவர் பெயர் ராபர்ட் பெல்லோஸ் சிசோம்.

போட்டியில் வென்றார்

சிசோம் இங்கிலாந்துக்காரர். 1840-ம் ஆண்டு லண்டன் நகரில் பிறந்தார். கட்டடக்கலை கற்றுத் தேர்ந்தபின் பிழைப்பைத் தேடி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். முதலில் அவர் வேலை பார்த்தது கல்கத்தாவில்.

அந்தச் சமயத்தில் சென்னை அரசாங்கம் ஒரு போட்டி வைத்தது. மாநிலக் கல்லூரிக்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்துக்கும் புதுக் கட்டடங்கள் கட்ட வேண்டியிருந்தது. நல்ல வரைபடம் போட்டுத் தருகிறவருக்கு அந்த வேலை. வந்து சேர்ந்த வரைபடங்கள் 17. அவற்றில் சிறந்தது என்று சிசோமின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1865-ம் ஆண்டு அவர் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 25.

முதலில் எழுந்தது மாநிலக் கல்லூரி. 1870-ம் ஆண்டு அது திறக்கப்பட்டது. இத்தாலி நாட்டு மாளிகைகளின் சாயலில் அமைந்த கம்பீரமான கட்டடம் அது. சிசோம் தம் நாட்டில் கற்றதை அப்படியே இங்கே கட்டிக் காட்டினார்.

அடுத்தபடியாகச் செனட் மண்டபத்தின் வேலை 1874-ம் ஆண்டு தொடங்கி 1879-ம் ஆண்டு முடிந்தது. அதே கடற்கரைச் சாலையில், கூப்பிடு தூரத்தில், அதே மனிதர் கட்டியது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருவரே கட்டினார் என்று சொல்ல முடியாது. செனட் மண்டபத்தின் நான்கு மூலைகளிலும் கோபுரங்கள். பக்கங்களில் வேலைப்பாடு மிகுந்த பெரிய பெரிய கல் தூண்கள். உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். தலை நிமிர்ந்து பார்த்தால் உயரமான விதானம். இந்து, முஸ்லிம், ஐரோப்பிய முறைகள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

பத்து ஆண்டுகளுக்குள் ஒரு மனிதரின் கை இப்படி மாறியது எப்படி?

மதுரையில் கண் திறந்தது

1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் நேப்பியர் பிரபு. இந்த நாட்டுக் கட்டடக்கலையில் அவருக்கு மிகுந்த பற்று உண்டு. மதுரையில் திருமலை நாயக்கர் மகால் பாழடைந்து கிடந்தது. அதைப் பழுதுபார்க்க அவர் ஏற்பாடு செய்தார். அந்த வேலையில் சிசோம் ஈடுபட்டார்.

மகால் 1636-ம் ஆண்டு கட்டப்பட்டது. அதன் நடுவே இருக்கும் சொர்க்க விலாசத்தைப் பார்த்தவர்கள் வியக்காமல் திரும்பியதில்லை. அவ்வளவு பெரிய கூரைக்கு மர உத்திரம் கிடையாது. இரும்புச் சட்டம் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. அதன் தூண்களைத் தடவிப் பார்த்தால் சலவைக் கல்லோ என்று தோன்றும். அதுவும் சுண்ணாம்புப் பூச்சுத்தான்!

கடற்கரையில் காலில் இடறும் கிளிஞ்சலைப் பொறுக்கி, சூளையில் சுட்டு, நீற்றி, அரைத்து, பூசி, மேலே வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் கொத்தனார்களின் பழைய தொழில். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஐரோப்பியர்களும் அந்த நாளிலேயே வியந்தார்கள்.

பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கிறவன் அதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். கட்டியவன் என்ன நினைத்தான் என்பதை ஊகித்தாக வேண்டும். சிசோம் அந்தப் பாடத்தை மதுரையில் கற்றார். தஞ்சை, சென்னை, திருவிதாங்கூர் என்று போன இடமெல்லாம் பழைய கட்டடங்களைக் கண்ணால் அளந்தார். சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபின் அரண்மனை அரசாங்கத்தின் கைக்கு வந்திருந்தது. அதை ஒட்டிப் புதிய பகுதிகளைக் கட்டும் வேலையும் அவருக்கு வந்தது. பழையதற்கும் புதியதற்கும் பொருத்தம் கெடாமல் கட்டினார். செனட் மண்டபத்தில் நாம் பார்ப்பது இந்த அனுபவத்தின் விளைவுதான்.

சுவருக்குள் ஒரு சுவர்

இந்த நாட்டில் கட்டடம் கட்டுகிறவனுக்கு முதல் எதிரி வெயில். முதல் நண்பன் காற்று. கட்டுமாவடியில் பாயை எங்கே விரித்துப் படுப்பது என்று ஒரு பாட்டியைக் கேட்டால் போதும். கடல் காற்று எந்தப் பக்கம் வரும், எந்தச் சுவர் மாலையில் சூடு கக்கும் என்று சொல்லிவிடுவார். உள் அலங்காரக் கலையின் முதல் பாடமே அதுதான். வர்ணமும் திரையும் பிறகுதான்.

திருவனந்தபுரத்தில் இந்தப் பாடத்தைச் சிசோம் கட்டிக் காட்டினார். அங்கே பழைய அருங்காட்சியகத்தை 1874-ம் ஆண்டு இடித்தார்கள். அந்த இடத்தில் சிசோம் கட்டிய புதிய கட்டடம் 1880-ம் ஆண்டு முடிந்தது. நேப்பியர் பிரபுவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நேப்பியர் மியூசியம் என்று இன்றும் அழைக்கிறார்கள்.

திருவிதாங்கூரின் மர வேலை பெயர் பெற்றது. அந்த நாட்டு வீடுகளின் கூரை செங்குத்தாகச் சரியும். மழைத் தண்ணீர் நிற்காது. கூரையின் முகப்பில் மரச் சட்டங்களுக்கு இடையே இடைவெளி இருக்கும். சூடான காற்று எப்போதும் மேலே போகும். அது அந்த இடைவெளி வழியாக வெளியேறிவிடும். அது போன இடத்துக்குக் கீழே இருந்து குளிர்ந்த காற்று வரும். சிசோம் இந்தக் கூரையை அப்படியே எடுத்துக்கொண்டார்.

சுவரிலும் ஒரு தந்திரம் செய்தார். ஒரே தடித்த சுவராகக் கட்டாமல் இரண்டு சுவர்களாகக் கட்டி, நடுவே வெற்றிடம் விட்டார். வெளிச் சுவரில் வெயில் அடித்தாலும், நடுவே இருக்கும் காற்று அந்தச் சூட்டை உள்ளே சுலபமாக விடாது. ஆகவே மின்சார விசிறி இல்லாத காலத்திலேயே அந்த மண்டபம் உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. இன்று அங்கே போகிறவர்கள் உள்ளே இருக்கும் வண்ண வேலைப்பாட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் நிதானமாக நின்று பார்க்க முடிகிறதே, அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத அந்த வெற்றிடம்தான்.

கலைப் பள்ளியின் தலைவர்

சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1850-ம் ஆண்டு ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். ஓவியம், மண்பாண்ட வேலை முதலியவற்றைச் சொல்லிக்கொடுத்தார். சில ஆண்டுகளில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. 1870-களின் கடைசியில் அந்தப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு சிசோமுக்கு வந்தது.

பகலில் கட்டட வேலை, கூடவே மாணவர்களுக்குப் பாடம் என்று இரண்டையும் ஒருவரே பார்த்தது நல்லதாகப் போயிற்று. கட்டடம் கட்டுகிறவனுக்குத் தூண் வேண்டும், ஓடு வேண்டும், மரச் செதுக்கு வேலை வேண்டும், வண்ணம் வேண்டும். இவை எல்லாம் தனித்தனித் தொழில்கள். ஒரு மண்டபத்துக்குள் இவற்றை ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் அழகு பிறக்கிறது.

அந்தப் பள்ளி பிறகு வளர்ந்தது. 1929-ம் ஆண்டு தேவி பிரசாத் ராய் சௌதுரி அதன் தலைவரானார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த அதே சிற்பி. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி என்ற பெயரில் பெரியார் சாலையில் நடந்துவருகிறது.

பாதியில் நின்ற அரண்மனை

சிசோமின் வாழ்க்கையில் பெரிய சோதனை பரோடாவில் காத்திருந்தது.

பரோடா மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட், லட்சுமி விலாஸ் என்ற பிரம்மாண்டமான அரண்மனையைக் கட்டிக்கொண்டிருந்தார். 1878-ம் ஆண்டு வேலை தொடங்கியது. வரைபடம் போட்டவர் மேஜர் சார்லஸ் மான்ட் என்ற ஆங்கிலேயர். திறமைசாலிதான். ஆனால் தாம் போட்ட கணக்கு தப்பாக இருக்குமோ, கட்டடங்கள் இடிந்து விழுந்துவிடுமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்லுகிறார்கள். அந்தக் கவலையில் மனம் கலங்கியே 1881-ம் ஆண்டு அவர் இறந்தார் என்பார்கள்.

அரண்மனை பாதியில் நின்றது. அதைச் சிசோம் எடுத்துக்கொண்டார். மற்றொருவர் போட்ட கணக்கை நம்பி மேலே கட்ட வேண்டும். தவறு நேர்ந்தால் பழி கட்டி முடித்தவருக்குத்தான்! சிசோம் தயங்கவில்லை. 1890-ம் ஆண்டு அரண்மனை முடிந்தது. தர்பார் மண்டபத்தில் வெனிஸ் நகரத்து முறையில் சின்னஞ்சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துத் தளம் போடப்பட்டது. ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அரண்மனை அசையாமல் நிற்கிறது. மான்ட் பயந்தது வீண். அவர் இருந்து அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பரோடாவில் கல்லூரிக் கட்டடம் ஒன்றையும் சிசோம் கட்டினார். பீஜப்பூர் கோல் கும்பாஸின் சாயலில் பெரிய குவிமாடம் அதற்கு உண்டு. இன்று அது அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

பெயர் இல்லாத ஆசிரியர்கள்

சென்னைக் கடற்கரையில் தலைமைத் தபால் ஆபீஸ், சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் விக்டோரியா பொது மண்டபம், ஊட்டியில் நீலகிரி நூல் நிலையம் ஆகியவையும் சிசோம் வரைந்தவையே. விக்டோரியா மண்டபத்தைக் கட்டித் தந்தவர் நம்பெருமாள் செட்டியார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் தூணைச் செதுக்கிய சிற்பி யார்? சுண்ணாம்பைத் தேய்த்த கொத்தனார் யார்? கூரையை இணைத்த ஆசாரி யார்? அவர்கள் பெயரைக் கல்லில் பொறித்து வைக்கவில்லை. வரைபடம் போட்டவரின் பெயர் நின்றது. அவருக்குக் கைகொடுத்தவர்களின் வேலை நின்றது.

1902-ம் ஆண்டு சிசோம் இங்கிலாந்துக்குத் திரும்பினார். லண்டனில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தைக் கட்டினார். 1907-ம் ஆண்டு அது முடிந்தது. இப்போது அது கடோகன் ஹால் என்ற இசை அரங்கமாக இருக்கிறது. 1915-ம் ஆண்டு சிசோம் காலமானார்.

பட்டம் வேண்டுமா?

இனி பெற்றோரின் சந்தேகத்துக்கு வருவோம். உள் அலங்காரம் படிக்கப் பட்டம் வேண்டுமா? கணக்கு வேண்டும், வரைபடம் போடத் தெரிய வேண்டும், எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிய வேண்டும். இவற்றைக் கல்லூரி முறையாகக் கற்றுத்தரும். வரைபடம் போடத் தெரிந்ததால்தான் சிசோமுக்குச் சென்னையில் இடம் கிடைத்தது. கணக்குத் தெரிந்ததால்தான் பரோடாவில் துணிந்து கட்டினார்.

ஆனால் பட்டத்தோடு படிப்பு முடிந்துவிடாது. தம் நாட்டில் படித்ததை மட்டுமே நம்பியிருந்தால் மாநிலக் கல்லூரியைப் போல இன்னும் பத்துக் கட்டடங்களைச் சிசோம் கட்டியிருப்பார். செனட் மண்டபம் பிறந்திருக்காது. வெயிலையும் காற்றையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த மனிதர்கள் கட்டியதை அவர் பணிவோடு பார்த்தார். அவர் கடல் கடந்து வந்து தேடிக் கற்றது, இங்கே பிறந்த பிள்ளைக்குத் தன் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கிறது.

சென்னைக்கு வரும் பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியிலிருந்து செனட் மண்டபம் வரைக்கும் நடந்து பார்க்க வேண்டும். கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்தைக் கடக்கச் சிசோமுக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.