சேர் ஜோசப் டால்டன் ஹூக்கர் (1817 – 1911)

இங்கிலாந்தில் பிறந்த ஹூக்கர் புகழ்பெற்ற தாவரவியலாளர். இமயமலைத் தாவரங்களை ஆராய்ந்த இவர், 1865 முதல் 1885 வரை கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக விளங்கினார்.

அக்காலத்தில் மலையகக் காடுகள் கோப்பிச் செய்கைக்காக வேகமாக அழிக்கப்பட்டன. 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கலாகாது என 1873 இல் ஹூக்கர் ஆலோசனை கூறினார். அரசும் அதனை ஏற்றது.

ஹோட்டன் சமவெளிப் பகுதியே மகாவலி, களனி, வளவை ஆறுகளின் ஊற்றிடமாகும். அங்குள்ள காடும் சதுப்பு நிலமும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. அவை அழிந்திருந்தால் கீழேயுள்ள வயல்களும் எமது தோட்டத்துப் பீலிகளும் வரண்டிருக்கக்கூடும்.

டிரைமன் 1896 இல் இறந்தபின், அவர் தொடங்கிய இலங்கைத் தாவர நூலை நிறைவுசெய்தவரும் ஹூக்கரே.

நினைவிற் கொள்க: ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது 1988, உலக மரபுரிமையில் சேர்ந்தது 2010.