டாக்டர் ஜாண்சனும் கலாசாலைச் சொற்களும்

ஆங்கிலப் பெரியோர் சரித்திரங்களைப் படிக்கும் நம்மனோரைச் சில சிறு சொற்கள் மயங்கச் செய்வதுண்டு. இன்னார் ஆக்ஸ்போர்டுக்கு மேலே சென்றார், இன்ன பாடம் வாசித்தார், பின் கீழே வந்தார் என்றிருக்கும். சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளின், மலையேறி இறங்கியதாகவே தோன்றும். அகராதி வகுத்த சாமுவேல் ஜாண்சனது வாழ்க்கையிலேயே அவற்றின் பொருளைக் காண்போம்.

1709-ம் ஆண்டு லிச்பீல்டு நகரில் ஒரு புத்தக வியாபாரிக்கு மகனாய்ப் பிறந்த இவர், 1728-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆக்ஸ்போர்டிலுள்ள பெம்பிரோக் கலாசாலையை அடைந்தார். லிச்பீல்டு அதற்கு வடக்கே உள்ளது. தேசப்படத்தை நோக்குவோர் கீழே இறங்கினார் என்றே சொல்லுவர். ஆயினும் எத்திசையினின்று வரினும் சர்வகலாசாலை புகுதல் மேலே செல்லுதலே. நீங்குதல் கீழே வருதலே. குற்றம்பற்றி விலக்கப்படுதலோ கீழே அனுப்பப்படுதல். இப்பின்னிரண்டையும் ஒன்றெனக் கொள்ளின் குற்றமற்றவர்மீது பழி சுமத்தியவராவோம். வாசித்தலாவது ஒரு பாடத்தைச் சிறப்பாக எடுத்துப் பயிலுதல். நம் முன்னோர் பாடங்கேட்டல் என்றனர். அவர்க்குக் கண், நமக்குச் செவி!

ஜாண்சன் சேர்ந்தது காமனர் என்னும் வகுப்பில். பாமரர் என்பதுபோல் ஒலிக்கும் இச்சொல், உபகாரச் சம்பளமின்றித் தம் செலவில் உண்டு பயிலும் மாணவரைக் குறிக்கும். அச்செலவே இவரை வருத்தியது. தாயார்க்கு உறவினர்வழிக் கிடைத்த 40 பவுன் விரைவில் கரைந்தது. கிறைஸ்ட் சர்ச் கலாசாலையிற் பயின்ற நண்பர் டெய்லரிடம் விரிவுரைகளைக் கேட்டறியச் சென்றுவந்தவர், கிழிந்த பாதரட்சையினின்று தம் விரல்கள் வெளித்தோன்றுவதை அங்குள்ளார் நோக்குவதுணர்ந்து போக்கை நிறுத்தினார். யாரோ ஒருவர் இரங்கி இவர் அறைவாயிலில் புதிய பாதரட்சைகளை வைக்க, அவற்றைச் சினந்து எறிந்தார். செருக்கென்பாரும் உளர், நாம் அவ்வாறு எண்ணுகிலேம்.

1729-ம் ஆண்டு டிசம்பரில், புத்தகங்களையும் ஆக்ஸ்போர்டிலேயே விட்டு, பட்டமின்றிக் கீழே வந்தார். அனுப்பப்பட்டவர் அல்லர், கையிற் பொருளில்லை, அவ்வளவே.

1739-ல் ஒரு பள்ளியின் தலைமைப் பதவி எம். ஏ. பட்டம் இன்மையால் கைகூடவில்லை. டப்ளினில் அதனைப் பெறுவிக்க நண்பர் முயன்றதும் வீணாயிற்று. லண்டனில் பத்திரிகைகட்கு எழுதி வயிறு வளர்த்தார். 1746-ல் ஏற்ற அகராதிப்பணி 1755-ல் முடிவெய்தியது. நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் விளக்கம் பெற்றன. நூல் வெளிவருமுன் ஆக்ஸ்போர்டு எம். ஏ. பட்டம் அளிக்க, அது நூன்முகப்பில் ஏறிற்று. முன்னர்க் கைவிரித்த டப்ளினே 1765-ல் டாக்டர் பட்டம் வழங்கிற்று; 1775-ல் ஆக்ஸ்போர்டும் அவ்வாறே செய்தது. ஆகவே டாக்டர் ஜாண்சன் வைத்தியரல்லர். தேர்வெழுதிப் பட்டம் பெற்றவருமல்லர். 1784-ல் இறக்குங்காறும் அவர் தம்மை மிஸ்டர் ஜாண்சன் என்றே பெரும்பாலும் குறித்துவந்தார்.