மக்கள் பாவலர் அண்ணாபாவ் சாத்தே

நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பாரதக் கூத்துப் பார்க்காமல் வளர்ந்தவர் மிகக் குறைவு. துரியோதனன் கொலுவீற்றிருக்கும்போதே கட்டியங்காரன் அவன் முன்னால் குதித்தாடி, ரேஷன் அரிசியில் கிடக்கும் கல்லைப் பற்றியும், தேர்தலுக்கு முன் வந்து பின்னர் வாராத பெரிய மனிதரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவான். கூட்டம் சிரிக்கும். சொன்னவன் கோமாளி என்பதால் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. இக்கோமாளியின் ஆட்டத்தையும் சிரிப்பையும் கொண்டே ஒரு மாநிலத்தின் அரசியலைக் கேள்வி கேட்டவர் ஒருவர் மராட்டிய நாட்டில் வாழ்ந்தார். அவரும் நம்மைப் போன்றே தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவர். அவர் பெயர் அண்ணாபாவ் சாத்தே.

இன்றைய சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த வாட்டேகாவ் என்னும் சிற்றூரில், மாங் குலத்தில், 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் துக்காராம். தந்தை பாவுராவ், தாய் வாலுபாய். பள்ளிக்கு அவர் சென்றது ஒன்றரை நாள் மட்டுமே என்பர். தீண்டாமையும் ஆசிரியரின் கொடுமையும் அவரை வெளியேற்றின. தலைமையாசிரியனாகிய எனக்கு இவ்வரியை எழுதக் கை கூசுகிறது. 1930களின் தொடக்கத்தில், வறுமை தாளாமல், அக்குடும்பம் ஊரைவிட்டுக் கால்நடையாகவே பம்பாய்க்குப் புறப்பட்டது. வழியெங்கும் கூலி வேலை செய்துகொண்டு போனார்கள். பம்பாயில் சிறுவன் துக்காராம் சுமை தூக்கினான், கரி பொறுக்கினான், பஞ்சாலையில் வேலை பார்த்தான். கடைப் பலகைகளையும் சினிமாச் சுவரொட்டிகளையும் பார்த்து எழுத்துக் கற்றான். வானம் பார்த்த பூமியை விட்டுச் சிப்காட் ஆலை வாசலுக்கு வந்து சேர்ந்த நம் குடும்பங்களுக்கு இக்கதை புதிதன்று.

ஊருக்கு இடையில் திரும்பியபோது அவர் உறவினர் பாப்பு சாத்தேயின் தமாஷாக் குழுவில் சேர்ந்தார். தமாஷா என்பது மராட்டியரின் தெருக்கூத்து எனலாம். டோல்கி என்னும் முழவும், துந்துணே என்னும் ஒற்றைத் தந்திக் கருவியும் ஒலிக்க, முதலில் கணபதி வணக்கம், பின்னர் கண்ணனும் கோபியரும் வரும் பகுதி, லாவணிப் பாட்டுக்கு நடனம், இறுதியில் வக் என்னும் நாடகம் என்று அது நடைபெறும். சோங்காட்யா என்னும் கோமாளி எல்லாவற்றுக்கும் இடையே புகுந்து கேலி பேசுவான். (நம் காமன் பண்டிகை லாவணியும் தஞ்சை மராட்டியர் வழியாக வந்ததே.) ஆடியவர்கள் பெரும்பாலும் மகார், மாங், கோலாட்டி முதலிய குலத்தவர். காசு வீசி வேடிக்கை பார்த்தவர்களோ வேறு.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பள்ளி ஆண்டு விழாவில் மாணவர்களைப் பறையடித்து ஆடச் செய்தேன். விழா முடிந்ததும் நம் சமுதாயப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, இதை விட்டொழிக்கத்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினேன் ஐயா என்று வருந்தினார். எனக்கு விடை சொல்ல வரவில்லை. அவர் வருத்தம் நியாயமானதே. புகழ்பெற்ற தமாஷாக் கலைஞர் பட்டே பாப்புராவ், மகார் குலப் பெண்ணாகிய பவளாவுடன் ஆடி ஈட்டிய பணத்தை இயக்கத்திற்கு நன்கொடையாக அளிக்க முன்வந்தபோது, நம் பெண்களை ஆடவைத்துப் பெற்ற பணம் வேண்டாமென்று அண்ணல் அம்பேத்கர் மறுத்துவிட்டார். இவ்விழிவை அறிந்தேதான் அண்ணாபாவ் அக்கலையைக் கையிலெடுத்தார்.

1944இல் அமர் ஷேக், தத்தா கவான்கர் ஆகியோருடன் லால் பாவ்டா கலாபதக் என்னும் செங்கொடிக் கலைக்குழுவை அவர் தொடங்கினார். கணபதி வணக்கத்தின் இடத்தில் உழைப்பாளிகளுக்கும் உயிர்நீத்த தியாகிகளுக்கும் வணக்கம் வந்தது. கோபியரைக் கேலி செய்யும் பகுதி கைவிடப்பட்டது. டோல்கி, ஆட்டம், கோமாளி ஆகியவற்றை மட்டும் அவர் விடவில்லை. முன்பு கோபியரைச் சீண்டிய கோமாளி இப்போது மந்திரியையும் சேட்டையும் சீண்டினான். சேட்ஜியின் தேர்தல், மக்கள் மந்திரியின் சுற்றுப்பயணம் என்ற தலைப்புகளே குறி யார்மீது என்பதைக் காட்டும். தேசபக்தர் கோட்டாளே என்றொரு நாடகம். கோட்டாளே என்பது கேட்பதற்குக் குலப்பெயர் போலிருக்கும், ஆனால் கோட்டாளா என்றால் மோசடி! ஆலைத் தொழிலாளர்கள் திரளாக வந்து பார்த்தனர்.

1940களின் இறுதியில் பம்பாய் அரசு ஆபாசம் என்று காரணம் காட்டித் தமாஷாவைத் தடை செய்தது. செங்கொடிக் குழுவும் தடைக்குள்ளானது. ஆபாசத்தை முன்பே களைந்துவிட்ட குழுவையும் ஏன் தடுக்க வேண்டும் என்பதை வாசகரே உணரலாம். அண்ணாபாவ் தம் கூத்துக்கு லோகநாட்டியம், அதாவது மக்கள் நாடகம், என்று பெயர் சூட்டி ஆடிக்கொண்டே இருந்தார்.

1956ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது அவர் கலை உச்சத்தை எட்டியது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூர் அன்று சென்னை மாநிலத்திலேயே நின்றது. மராட்டியருக்கோ தனி மாநிலம் கிட்டவில்லை. பம்பாய் நகரைப் பிரித்து வைக்கும் முயற்சியும் நடந்தது. கிளர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது எழுந்ததே மாஜீ மைனா என்னும் பாட்டு. பட்டணத்துக்குப் பிழைக்க வந்தவன், ஊரில் விட்டுவந்த மனைவியின் அழகைச் சொல்லி ஏங்குகிறான். கேட்பவர் அதில் மயங்கியிருக்கையில், பாட்டு மெல்லத் திரும்பி, பிரிந்து கிடப்பவை பெல்காம், நிப்பாணி, கார்வார் என்று காட்டிவிடுகிறது. பிரிந்த மனைவியும் பிரிந்த நிலமும் ஒன்றாகின்றன. பெல்காம் குறித்து நம் அண்டைக் கன்னடருக்கு வேறு கருத்து உண்டு. அதன் நியாயத்தை இங்கு ஆராயவில்லை. மேடை தோறும் அப்பாட்டு ஒலித்தது. 1960 மே 1இல் பம்பாயைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் பிறந்தது.

அவர் எழுத்தாளராகவும் ஓங்கினார். முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். 1959இல் வெளிவந்து மாநில அரசின் பரிசு பெற்ற ஃபகீரா நாவலை அம்பேத்கரின் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கினார். 1958இல் பம்பாயில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்து, இப்பூமி ஆதிசேடன் தலைமீது நிற்கவில்லை, தலித்துகள், தொழிலாளர்களின் கைகளிலேயே நிற்கிறது என்னும் கருத்தை முழங்கினார். 1961இல் சோவியத் நாடு சென்று வந்து பயணநூல் எழுதினார்.

வாழ்வின் பெரும்பகுதி காட்கோபர் சிராக் நகர்க் குடிசையிலேயே கழிந்தது. மகாராஷ்டிரம் பிறந்த பின்னரும் அவர் வறுமை தீரவில்லை. 1969 ஜூலை 18ஆம் நாள், 48ஆம் வயதில் காலமானார். 2002இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. 2022இல் மாஸ்கோ நூலகம் ஒன்றில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது.