ஆசிரியர்களை உயர்த்திய தலைமை ஆசிரியர்

இங்கிலாந்தில் ரக்பி என்று ஓர் ஊர் இருக்கிறது. ரக்பி பந்தாட்டத்துக்குப் பெயர் தந்தது அந்த ஊர்ப் பள்ளிக்கூடம்தான். அது 1567-ம் ஆண்டில் தோன்றிய பழைய பள்ளி.

1828-ம் ஆண்டில் அந்தப் பள்ளிக்கு ஒரு புதிய தலைமை ஆசிரியர் வந்தார். அவர் பெயர் தாமஸ் ஆர்னால்டு. அப்போது அவருக்கு வயது 33.

தந்தையை இழந்த பிள்ளை

ஆர்னால்டு 1795-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி பிறந்தார். தந்தை சுங்க அதிகாரி. அவர் 1801-ம் ஆண்டில் இறந்துபோனார். அப்போது சிறுவனுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. ஆனாலும் படிப்பு நிற்கவில்லை. ஆக்ஸ்போர்டில் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு லேல்ஹாம் என்ற ஊரில் மாணவர்களை வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

ரக்பிக்கு வரும்போதே அவர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நிர்வாகிகள் விரும்பினால் தம்மை வேலையிலிருந்து நீக்கலாம். ஆனால் தாம் பதவியில் இருக்கும்வரை பள்ளி நடத்தும் வேலையில் தலையிடக் கூடாது என்றார்.

அரை மனது வேலை

அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கு அப்போது சம்பளம் போதவில்லை. ஆகவே பலர் பக்கத்து ஊர்த் தேவாலயங்களில் பாதிரி வேலையும் பார்த்தார்கள். மாணவர் விடுதிகளையோ வேறு ஆட்கள் நடத்தினார்கள். பாடம் முடிந்தால் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் உறவு இல்லை.

வயிற்றுக் கவலை உள்ளவன் முழு மனதோடு எப்படிப் பாடம் நடத்துவான்? ஆர்னால்டு இதைப் புரிந்துகொண்டார். ஆசிரியர்களின் சம்பளத்தை உயர்த்தினார். அதன் பிறகே, வெளி வேலையை விடச் சொன்னார். விடுதிகள் ஒவ்வொன்றாகக் காலியானபோது அவற்றை ஆசிரியர்களிடமே ஒப்படைத்தார். மாணவர்களின் நலம் அவர்கள் பொறுப்பாயிற்று.

தோற்றுப்போன தலைவர்

இன்னொன்றும் செய்தார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியர்களின் கூட்டம் கூட்டினார். பள்ளியின் எல்லா விஷயங்களும் அங்கே பேசப்பட்டன. யாரும் பயமின்றித் தம் கருத்தைச் சொல்லலாம். சில சமயம் ஓட்டெடுப்பில் தலைமை ஆசிரியரே தோற்றுப்போவார்! அதற்காக அவர் வருத்தப்படவில்லை. தங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று கண்ட ஆசிரியர்கள், பள்ளியைத் தங்கள் சொந்தப் பள்ளியாகவே நினைத்து உழைத்தார்கள்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. அவருக்குக் கோபம் அதிகம். ஒரு முறை ஓர் ஆசிரியரின் வார்த்தையை நம்பி, பொய் சொன்னதாக எண்ணி ஒரு சிறுவனைக் கடுமையாக அடித்துவிட்டார். சிறுவன் சொன்னதே உண்மை என்று பின்னால் தெரிந்தது. பள்ளி முழுவதற்கும் முன்பாக அவனிடம் மன்னிப்புக் கேட்டார். ஆசிரியரை நம்புவது நல்லதுதான். ஆனால் மாணவனையும் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இந்தியாவுக்கு வந்த ஆசிரியர்

1842-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஆர்னால்டு மாரடைப்பால் காலமானார். மறுநாள் அவருக்கு 47 வயது நிறைந்திருக்கும். பதினான்கு ஆண்டுகள்தான் அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

ஆனால் அவருடன் உழைத்தவர்கள் அவர் வழியை விடவில்லை. பிரின்ஸ் லீ என்பவர் 1838-ம் ஆண்டிலேயே பர்மிங்காம் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போயிருந்தார். ஜார்ஜ் காட்டன் என்பவர், மாணவர் கலகத்தால் சீர்குலைந்திருந்த மார்ல்பரோ பள்ளியை 1852-ம் ஆண்டில் ஏற்று நிமிர்த்தினார். 1858-ம் ஆண்டில் அவர் கல்கத்தா பிஷப்பாக இந்தியாவுக்கு வந்தார். சிம்லாவிலும் பெங்களூரிலும் உள்ள பிஷப் காட்டன் பள்ளிகள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

நல்ல தலைவர் ஒருவரின் கீழ் வேலை பார்த்தவர்கள், தாங்களும் நல்ல தலைவர்கள் ஆனார்கள். ஆர்னால்டு விட்டுப்போன சொத்து அதுதான்.