காய்ச்சலை மறைக்க விடாத வைத்தியர்

2021ஆம் ஆண்டு மே மாதம். பசறைப் பக்கத் தோட்டமொன்றில், எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த அக்காவுக்குக் காய்ச்சல். மூன்று நாட்களாக அவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் பேர் போகும். லயம் முழுவதையும் முடக்குவார்கள். இராணுவத்தின் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். 1983இல் பதுளை எரிந்தபோது அவருடைய உறவுகள் கிளிநொச்சிக்கு ஓடினார்கள். 2009இல் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். பஸ்ஸில் ஏற்றப்பட்ட எல்லோரும் திரும்பி வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்களில்தான் கார்லோ உர்பானியின் கதையைத் தேடிப் படித்தேன்.

உர்பானி இத்தாலியின் கஸ்தெல்பிளானியோ என்ற சிறிய ஊரில் 1956இல் பிறந்தவர். தொற்றுநோய் வைத்தியர். அவர் அதிகம் கவனித்தது ஏழைகளின் வயிற்றில் வாழும் புழுக்களை. மேகொங் ஆற்றங்கரை மக்களின் ஒட்டுண்ணி நோய்களுக்காகக் கம்போடியாவில் வேலை செய்தார். கொழுக்கிப் புழுவால் இரத்தம் வற்றிய தலைமுறைகளைக் கண்ட நம் தோட்டங்களுக்கு அந்த வேலையின் பெறுமதி புரியும்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் இத்தாலியக் கிளைக்கு அவர் தலைவராக இருந்தார். யுத்தத்தில் காயப்பட்ட நம்மவர்களுக்கு எம்.எஸ்.எவ். என்று பழக்கமான அதே அமைப்பு. 1999இல் அதற்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, அதைப் பெறச் சென்ற குழுவில் அவரும் இருந்தார். பின்னர் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பணிக்காக, மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் வியட்நாமின் ஹனோய் நகரில் குடியிருந்தார்.

2003 பெப்ரவரி இறுதி. இங்கே சமாதான காலம். ஏ9 பாதை திறந்திருந்தது. ஹனோயில் ஒரு தனியார் வைத்தியசாலை, விளங்காத நியூமோனியாவோடு கிடந்த அமெரிக்க வர்த்தகர் ஒருவரைப் பார்க்க உர்பானியை அழைத்தது. அவர் ஹொங்கொங்கில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தவர். சீனாவின் குவாங்டோங்கில் இதே நோயாளரைப் பராமரித்த வைத்தியர் ஒருவரும் அதே மாடியில் தங்கியிருந்தார். குவாங்டோங்கில் நோய் தொடங்கியது 2002 நவம்பரில். அதை அங்கே மாதக்கணக்கில் மூடிவைத்திருந்தார்கள்.

சில நாட்களிலேயே தாதியரும் வைத்தியர்களும் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். இது புதிய நோய் என்று உர்பானி உடனே அறிவித்தார். தினமும் வைத்தியசாலைக்குப் போய் மாதிரிகள் எடுத்தார். நோயாளரைப் பிரித்துவைக்கச் செய்தார். மார்ச் 9ஆம் திகதி சுகாதார அமைச்சின் உயரதிகாரிகளோடு மணிக்கணக்காகப் பேசி, மறைக்காமல் வெளியுதவியைக் கேட்கச் சம்மதிக்க வைத்தார். மார்ச் 12ஆம் திகதி உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை போனது.

அதற்கு முதல் நாள் பாங்கொக் போகும் விமானத்தில் அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. அவர் அதை ஒளிக்கவில்லை. விமான நிலையத்தில் வரவேற்க வந்த சக வைத்தியரைக் கிட்ட வரவேண்டாம் என்று தடுத்து, விலகி உட்கார்ந்து அம்புலன்ஸுக்குக் காத்திருந்தார். மார்ச் 29ஆம் திகதி இறந்தார். வயது 46. ஏப்ரல் 28ஆம் திகதி, சார்ஸை அடக்கிய முதல் நாடானது வியட்நாம். அங்கே நோயுற்றவர்கள் 63 பேர்; இறந்தவர்கள் 5 பேர். உலகில் 8,000க்கும் மேற்பட்டோர் நோயுற்று 774 பேர் இறந்தார்கள். அவரிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ் வகைக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

அது ஒரு கொரோனா வைரஸ். குதிரைலாட வௌவால்களில் இருப்பது. சந்தையில் கூண்டில் விற்ற மரநாய்கள் வழியாக மனிதருக்கு வந்தது. நம் லயக் கூரையில் ஓடும் மரநாயைக் கண்டு பயப்படத் தேவையில்லை. காட்டு விலங்குகளைப் பிடித்து நெருக்கி அடைத்து விற்பதில்தான் ஆபத்து. 2012இல் சவூதியில் தெரியவந்த மேர்ஸ், ஒட்டகங்களிலிருந்து வந்தது. நோய் உறுதியானவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். ஊவாத் தோட்டங்களிலிருந்து வீட்டுவேலைக்குப் போகும் நம் பெண்கள் இறங்கும் நாடும் அதுதான்.

நான்காம் நாள் அக்கா தானாகவே தோட்ட டிஸ்பென்சரிக்கு நடந்துபோனார். பிழைத்துக்கொண்டார். ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேரோடு அவர் எங்கே விலகி உட்கார்ந்திருக்க முடியும்? உர்பானி காய்ச்சலைச் சொன்னபோது அவருக்காக ஒரு தனியறையைத் தயார்செய்தார்கள். அக்கா சொன்னபோது பதினான்கு நாள் பேர் போனது. அடுத்த காய்ச்சல் வரும். அதை முதல் நாளே சொல்கிறவருக்குச் சம்பளம் வெட்டப்படாது, பஸ்ஸில் ஏற்றினால் எங்கே என்று வீட்டாருக்குத் தெரியும் என்ற உறுதியை இப்போதே கேட்டு வாங்கவேண்டும். இல்லாவிட்டால் கடைசிக் காம்பராவில் மீண்டும் மூன்று நாள் மௌனம்தான்.